எலும்புருக்கியும் பிழைத்தவர்களின் சாட்சியும்

காசநோய்க்கு நம் தெருக்களில் இன்னும் 'எலும்புருக்கி' என்றுதான் பெயர். சேரி, மில் லைன் வீடுகள், தோல் பதனிடும் இடங்கள், கல்குவாரி, செங்கல் சூளை என்று அது குடியிருந்த முகவரிகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. காற்று வராத ஒற்றை அறை, அரை வயிறு, ஒரே பாயில் நான்கு பேர். நோய்க்கு வேண்டியது இவ்வளவுதான். இவற்றை யாருக்கு ஒதுக்கி வைத்தார்கள் என்பதை இந்த நாட்டில் தனியாக விளக்கத் தேவையில்லை.

அண்மைக் காலமாக நம் இளைஞர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இங்கிலீஷ் மருந்து வருவதற்கு முன் நம் முன்னோர்கள் இதைக் குணப்படுத்தவில்லையா? சித்த மருத்துவம் நம்முடைய சொத்து இல்லையா? அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் பச்சிலை அறிந்த பாட்டிகளும் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அந்த அறிவைத் திருடியவர்களும் உண்டு, இழிவுபடுத்தியவர்களும் உண்டு. ஆனாலும் எலும்புருக்கியைக் குணப்படுத்தினார்களா என்ற கேள்விக்கு வரலாறு தரும் பதில் 'இல்லை' என்பதுதான். நம் முன்னோரும் குணப்படுத்தவில்லை, வெள்ளைக்காரரின் முன்னோரும் குணப்படுத்தவில்லை. 1940கள் வரை உலகத்தில் எவரிடமும் இதற்கு மருந்து இருக்கவில்லை. 1914இல் மறைந்த பண்டிதரிடம் இல்லாதது அன்றைய லண்டன் டாக்டரிடமும் இல்லை.

மருந்து இல்லாத இடத்தில் என்ன இருந்தது? முதலில், காரணம் சொல்லும் கதைகள். மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், பிராமணனைக் கொன்றவனுக்கு க்ஷயரோகம் வரும் என்று பாவத்தையும் நோயையும் ஜோடி சேர்த்துப் பட்டியல் போடுகிறது. அதாவது, இருமி இரத்தம் கக்குகிறவன் போன பிறவியில் பிராமணனைக் கொன்றிருக்கிறான்! பரிகாரமும் அவர்களிடமே. சரகரின் நூல் கொஞ்சம் பரவாயில்லை. சந்திரன் மனைவி ஒருத்தியிடம் மட்டும் மோகம் கொண்டு உடல் தேய்ந்த கதையைச் சொன்னாலும், நோயாளிக்கு இறைச்சி கொடுக்கச் சொல்கிறது. ஒரு வகை மட்டுமல்ல, பல வகை. நோயாளி அருவருப்படையாமல் இருக்க வேறு பெயர் சொல்லிக் கொடுக்கவும் சொல்கிறது. பழம்பெருமை பேசிக்கொண்டே பள்ளிச் சத்துணவில் முட்டை கூடாது என்று சண்டை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

ஐரோப்பாவில் மட்டும் அறிவியல் கொடிகட்டிப் பறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். காசநோய்க் கிருமியை 1882இல் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கே அடுத்த எட்டாண்டில் சறுக்கினார். 1890இல் பெர்லினில் 'டியூபர்குலின்' என்ற மருந்தை அறிவித்தார். அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் ரகசியமாக வைத்துக்கொண்டார். உலகம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். சில மாதங்களில் விர்ஷோ என்ற மருத்துவர், அந்த ஊசி போட்டு இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, நோய் அடங்குவதற்குப் பதிலாகப் பரவியிருக்கும் அடையாளங்களைக் காட்டினார். பெரிய பெயரும் ரகசியக் கலவையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஸ்டீவன்ஸ் என்ற வியாபாரி, தென்னாப்பிரிக்காவில் பாசூட்டோ மக்களின் வைத்தியர் ஒருவர் கொடுத்த வேரால் தன் நோய் தீர்ந்தது என்று சொல்லி அதைப் புட்டியில் அடைத்து விற்றார். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 1909இல் ரகசிய மருந்துகளைப் பற்றிப் புத்தகம் போட்டபோது அதில் இவருடையதும் அகப்பட்டது. வழக்குப் போட்டார், கடைசியில் 1914இல் தோற்றார். வியாபாரம் நிற்கவில்லை. கறுப்பின மக்களின் வேர், வெள்ளைக்காரர் பையில் காசு. இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது தங்கத்தின் கதை. தங்க பஸ்பம் சாப்பிட்டால் உடம்பு தங்கமாகும் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? அதே தங்கத்தை 1920களில் ஐரோப்பிய டாக்டர்கள் ஊசியில் ஏற்றினார்கள். டென்மார்க்கின் மோல்கார்ட் என்பவர் 'சானோகிரைசின்' என்ற தங்க உப்பை அறிமுகம் செய்தார். சோதனைக் குழாயில் தங்கச் சேர்மம் கிருமியைத் தடுக்கிறது என்று கோக் முன்பே சொல்லியிருந்தார், போதாதா? பட்டம் பெற்ற மருத்துவர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகள் இதைப் போட்டார்கள். சிறுநீரகம் கெட்டது, தோல் வெடித்தது. "மருந்து வேலை செய்வதன் அறிகுறி" என்றார்கள். (நம் ஊர் லாட்ஜ் வைத்தியர்கள் இன்றும் சொல்லும் அதே வசனம்.)

அமெரிக்காவின் மிச்சிகனில் ஆம்பர்சனும் அவர் கூட்டாளிகளும்தான் எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். ஒரே மாதிரி நிலையில் இருந்த 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தார்கள். எந்தக் குழுவுக்குத் தங்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 1931இல் முடிவு வெளியானது. தங்கத்தால் நன்மை இல்லை, கேடுதான் மிச்சம். அதாவது தங்க ஊசியை வீழ்த்தியது இன்னொரு மேதையின் வாக்கு அல்ல, தண்ணீர் ஊசியோடு வைத்துப் பார்த்த ஒப்பீடு. இது கிழக்கு, மேற்கு சண்டையே இல்லை. சோதித்ததா, சோதிக்காததா என்பதுதான் பிரச்சினை.

"ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் லேகியம் சாப்பிட்டே பிழைத்தாரே" என்று உடனே யாராவது சொல்வார்கள். பிழைத்திருப்பார். பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய காசநோய் நிறுவனம் 1961 முதல் 1968 வரை அந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு ஆய்வு நடத்தியது. சளியில் கிருமி இருந்தவர்களை ஐந்தாண்டுக்குப் பிறகு பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் இன்னும் கிருமியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மீதி, மூன்றில் ஒரு பங்கினர், முறையான திட்ட சிகிச்சை ஏதும் இல்லாமலே கிருமி நீங்கியிருந்தார்கள்.

இந்த மூன்றில் ஒருவர்தான் எல்லா லேகியத்துக்கும், எல்லா மந்திரத் தாயத்துக்கும், எல்லாப் புனித நீருக்கும் விளம்பரம். அவர் கடைசியாக எதைச் சாப்பிட்டாரோ அதற்குப் பெயர் கிடைத்தது. செத்த பாதிப் பேர் வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சாட்சி சொல்லவில்லை. அவர்களின் விதவைகளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பணக்காரர்களுக்கு இருந்தது சானடோரியம். சுத்தமான காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியதும் அப்படி ஒன்றுதான். மின்சார ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் காற்றும் ஓய்வும் நோயைத் தீர்த்தனவா? கமலா நேரு சுவிட்சர்லாந்து வரை கொண்டுபோகப்பட்டும் 1936இல் லோசானில் இறந்தார். புதுமைப்பித்தன் 1948இல் 42 வயதில் திருவனந்தபுரத்தில் போனார். அந்த ஆண்டில்தான் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவு அச்சானது. 107 நோயாளிகள். ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. அதனால்தான் பிறகு இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்று இன்று நர்ஸ் சத்தம் போடுவதற்குப் பின்னால் அந்த மரணங்கள் இருக்கின்றன.

இங்கேதான் நம் கதை சென்னைக்கு வருகிறது. 1950களில் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகள் வந்துவிட்டன. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகக் குறைவு. மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கலாமா? கூடாது என்றுதான் அன்றைய பெரும்பாலான மருத்துவ அறிவு சொன்னது. ஏழைக்குச் சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, வீட்டில் இடமில்லை, ஒழுங்காக மாத்திரை போட மாட்டான், குடும்பத்துக்கே ஒட்டவைப்பான். நம் மக்களைப் பற்றிச் சொல்லப்படும் வழக்கமான வரிசைதான்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் சிலர் வீட்டுக்கு, சிலர் சானடோரியத்துக்கு. இருவருக்கும் அதே இரண்டு மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போனார்கள். மாத்திரை போடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 சதவீதம். வீட்டுக்காரர்களின் சாப்பாடு மிக மோசம். ஓய்வும் குறைவு. சானடோரியத்துக்காரர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனாலும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்து மருத்துவம் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம்.

அந்த 193 பேரின் சாதியை நாங்கள் தேடிப் போகவில்லை. 1956ஆம் ஆண்டுச் சென்னையில் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் அரை வயிற்றோடு இருமியவர்கள் யார் யார் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று உலகம் முழுவதும் டிபி நோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், அதற்கான ஆதாரம் இவர்களுடைய நுரையீரலிலிருந்து வந்தது. 'நம் சொத்து' என்று எதையாவது உரிமை கொண்டாட வேண்டுமென்றால் முதலில் இதைக் கொண்டாடலாம்.

1954இலேயே ஒரு மத்தியச் சட்டம், சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று தடை விதித்தது. அந்தப் பட்டியலில் காசநோயும் உண்டு. சட்டம் தாளில் இருக்கிறது, விளம்பரம் சுவரில் இருக்கிறது. கொரோனா காலத்தில் இதை நாடே பார்த்தது. 2020 ஜூனில் பதஞ்சலி 'கொரோனில்' என்ற மாத்திரையை, நோயைத் தீர்க்கும் மருந்து என்று அறிமுகம் செய்தது. அன்றே ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. உரிமம் கேட்டது இருமல், காய்ச்சல், நோய் எதிர்ப்புச் சக்திக்குத்தான் என்று உத்தராகண்ட் அதிகாரிகள் சொன்னார்கள். 2024இல்தான் அந்நிறுவனம் தவறான விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டது. தூய்மைப் பணியாளர்களும் குடித்தார்கள். குடித்ததில் தவறில்லை. மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் படுக்கைக்குப் போகாமல் அதையே நம்பி வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அது ஆபத்து.

நுரையீரல் தொற்றில் நிரூபிக்கப்படாத மருந்து செய்யும் பெரிய கேடு பெரும்பாலும் விஷம் அல்ல. நாள் கடத்துவது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் பிடித்தது. காசநோய்ச் சாவுகளில் பெரும் பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. உடல் வற்றி, கால் வீங்கி, தாங்கல் இல்லாமல் நிற்க முடியாத நிலையில் வந்து சேர்கிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களை அன்றே கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்ப்பதே அந்தத் திட்டம். அவர்கள் அந்த நிலைக்கு வருவதற்கு முன் எத்தனை வாரம், எத்தனை கஷாயம், எத்தனை நாள் கூலி போயிற்று என்று நம் தோழர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சத்துணவு மாத்திரைக்குப் பதிலாகாது என்று சேத்துப்பட்டு காட்டியது. ஆனால் பசி நோயை வரவழைக்கிறது. ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரசு இப்போது நோயாளிக்கு மட்டும் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களின் சாப்பாட்டைப் பெரும்பாலும் நன்கொடையாளர்களின் கருணைக்கு விட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். அவற்றோடு அந்த அரிசியும் பருப்பும் நோயாளி வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று ரேஷன் கடை வழியாகவே வர வேண்டும் என்பதுதான் இப்போது நாம் வைக்கும் கோரிக்கை.