பட்டான் சாலையும் காவி கட்டிய கர்னலும்

சென்ற வாரம், பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் தன் படையோடு சரணடைய வந்த அமெரிக்க ஜெனரல் எட்வர்ட் கிங்கை லமாவோவில், ஜப்பானியக் கர்னல் நகயாமாவுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு 'தொடரும்' போட்டிருந்தேன். 1942 ஏப்ரல் 9. வாள் எங்கே என்று நகயாமா கேட்டார். மணிலாவிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன கிங், இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் ஆட்களை ஒழுங்காக நடத்துவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல என்று பதில் வந்தது.

கிங் விவரமான மனிதர். சரணடைய முடிவெடுத்ததுமே, ஆட்களை ஏற்றிச் செல்லத் தேவையான லாரிகளையும் பெட்ரோலையும் அழிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். லாரியிலேயே கொண்டுபோகலாமே என்று மன்றாடிப் பார்த்தார். ஜப்பானியர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெற்குக் கோடியிலிருக்கும் மரிவேலஸிலிருந்து சான் பெர்னாண்டோ ரயில் நிலையம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜனவரியிலிருந்து அரை வயிறும் மார்ச்சிலிருந்து கால் வயிறுமாக, குதிரைப்படையின் குதிரைகளையே அறுத்துத் தின்றுவிட்டு, மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்த 75,000 பேர் அந்தத் தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 12,000 பேர் அமெரிக்கர்கள். மீதி அத்தனை பேரும் பிலிப்பினோக்கள். ஹாலிவுட் படங்கள் இந்தக் கணக்கை எப்போதுமே தலைகீழாகக் காட்டும். (இவர்களின் தலைமைத் தளபதி மெக்கார்தர்? அவர் மார்ச் 11-ஆம் தேதியே படகேறி, ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்துவிட்டார். 'திரும்பி வருவேன்' வசனத்தை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். எனக்கு லமாவோவில் உட்கார்ந்திருந்த கிங்தான் பெரிய மனிதர்.)

நடந்தவர்கள் பட்டதை நீட்டி எழுத மனமில்லை. ஒரு காட்சி போதும். அந்தச் சாலையோரம் வழிநெடுக ஊற்றுக் கிணறுகள் உண்டு. தண்ணீர் தானாகவே பொங்கி வழியும். அதன் பக்கத்திலேயே கைதிகளைத் தொப்பியைக் கழற்றச் சொல்லி உச்சி வெயிலில் உட்கார வைப்பார்கள். எழுந்து ஓடியவன் குண்டடிபட்டோ பயனெட் குத்துப்பட்டோ விழுவான். ஊர்ப் பெண்கள் வாழையிலையில் சோற்றைச் சுருட்டி வரிசைக்குள் எறிந்தார்கள். அதற்கும் அடி விழுந்தது.

இந்தச் சாலையில் நினைவுக் கற்கள் நட்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஓர் ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும். பல வருடங்களாக என்னைத் தூங்கவிடாத ஆள்.

கர்னல் சுஜி மசனோபு. மலேயாவில் ரப்பர் தோட்டங்களுக்குள் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்; அந்தப் படையெடுப்புக்குத் திட்டம் போட்ட மூளைகளில் முக்கியமானது இவருடையது. சிங்கப்பூர் விழுந்ததும் ஆயிரக்கணக்கான சீன ஆண்களைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்று சுட்டுக் கொன்றார்களே, அதன் பின்னணியிலும் இவர் பெயர் அடிபடுகிறது. மது, மாது இரண்டையும் வெறுத்தவர். கெய்ஷா விடுதியில் கூத்தடித்த சக அதிகாரிகளைப் பிடிக்காமல் விடுதிக்கே தீ வைத்தார் என்று ஒரு கதை உண்டு. யோக்கியனின் கொடூரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

சிங்கப்பூரை முடித்த கையோடு சுஜி பிலிப்பைன்ஸ் வந்தார். அங்கே ஜப்பானியப் படைகளின் தளபதியாக இருந்த ஹோம்மாவுக்குத் தெரியாமலே படைப்பிரிவுகளுக்குப் போன உத்தரவுகளுக்கு இவரே காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கர்னல் இமாய் தகேவோ, ஜப்பானிய 141-ஆம் படைப்பிரிவின் தலைவர். பின்னாளில் அவர் சொன்ன கதை இது. தொலைபேசி மணி அடிக்கிறது. கைதிகள் அனைவரையும் கொன்றுவிடு, டோக்கியோ தலைமையக உத்தரவு என்கிறது குரல். இப்படி ஓர் உத்தரவு முறைப்படி வர வாய்ப்பே இல்லை என்று இமாய்க்குப் பட்டது. எழுத்தில் கொடு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். வைத்ததும் முதல் வேலையாகத் தன்னிடமிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அவிழ்த்து, பட்டானைவிட்டு வெளியேறும் வழியைக் காட்டி அனுப்பிவிட்டார். எழுத்தில் எதுவும் வரவே இல்லை. இமாய் போல் எல்லோரும் இல்லை. ஏப்ரல் 12 அன்று பந்திங்கான் ஆற்றோரம் பிலிப்பினோ அதிகாரிகள் ஏறத்தாழ 400 பேரைக் கைகளைக் கட்டி, வாளாலும் பயனெட்டாலும் கொன்று தீர்த்தார்கள்.

சுஜி பிறகு குவாடல்கனாலுக்கும் பர்மாவுக்கும் போனார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது சுஜி பாங்காக்கில் இருந்தார். பிரிட்டிஷார் வந்தால் தூக்குதான் என்று அவருக்குத் தெரியும். தலையை மழித்து, காவி கட்டி, பௌத்தத் துறவியாகி ஒரு மடத்துக்குள் புகுந்துகொண்டார். அங்கிருந்து லாவோஸ், ஹனோய் வழியாகச் சீனா. அங்கே சியாங் கை-ஷேக்கின் ஆட்களுக்கு ஆலோசனை வேலை. 1948-இல் சத்தமில்லாமல் தாய்நாடு திரும்பினார்.

1950-இல், தப்பி ஓடிய கதையைப் புத்தகமாகப் போட்டார். சக்கைப்போடு போட்டது. 1952-இல் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார். ரகசியக் கோப்புகள் வெளியானபோது, வாய்ப்புக் கிடைத்தால் மூன்றாம் உலகப் போரையே கூசாமல் ஆரம்பிக்கக்கூடிய ஆள் என்று அமெரிக்க உளவுத்துறை இவரைப் பற்றி எழுதி வைத்திருந்தது தெரிந்தது. இவ்வளவு தெரிந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாவம், ஹோம்மா. அவரை மணிலாவில் விசாரித்து, 1946 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். சரியாக நான்கு வருடத்துக்கு முன் அதே தேதியில்தான் அவர் பட்டான் மீது கடைசித் தாக்குதலைத் தொடங்கியிருந்தார். தன் ஆட்கள் சாலையில் செய்ததைத் தடுக்காத தளபதிக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹோம்மா குழிக்கும் சுஜி நாடாளுமன்றத்துக்கும் போனதை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1961 ஏப்ரல். பதவியிலிருந்த எம்.பி. சுஜி, உள்நாட்டுப் போர் நடந்த லாவோஸுக்குக் கிளம்பினார். வியந்தியானைத் தாண்டி ஜாடிச் சமவெளிப் பக்கம் போனவரின் உடம்பில் மறுபடியும் அதே காவி. அதற்குப் பிறகு ஆள் இல்லை, உடல் இல்லை, கடிதம் இல்லை. 1968 ஜூலையில் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். எத்தனையோ குடும்பங்களைக் 'காணவில்லை' என்ற ஒற்றைத் தகவலோடு காத்திருக்க வைத்தவர், தன் குடும்பத்தையும் அப்படியே விட்டுப் போனார்.

பக்கம் தீரப் போகிறது என்று ஆசிரியர் குழுவிலிருந்து நினைவூட்டுகிறார்கள். கற்களுக்கு வருகிறேன்.

மரிவேலஸில் பூஜ்ஜியம் என்று ஒரு கல். அங்கிருந்து கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கான்கிரீட் கல், அதில் தள்ளாடி நடக்கும் போர்வீரர்களின் உருவம். மேற்குக் கரையில் பகாக் ஊரிலிருந்து இன்னொரு வரிசை கிளம்பி இதில் வந்து சேரும். பலங்கா, ஒரானி, லுபாவோ கடந்து சான் பெர்னாண்டோ. அங்கிருந்து நூறு பேர், அதற்கும் மேல் என்று சரக்கு ரயில் பெட்டியில் திணித்துக் கபாஸ் வரை கொண்டுபோனார்கள். நின்றபடியே செத்தவர்கள் உண்டு. அப்படி ஒரு பெட்டி இன்றும் கபாஸ் நினைவிடத்தில் நிற்கிறது. பக்கத்திலிருந்த ஓ'டானல் முகாமில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களும் ஏறத்தாழ 1,500 அமெரிக்கர்களும் நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். சில கற்களின் அடியில், நிதி கொடுத்த குடும்பங்கள் தங்கள் வீட்டுப் போர்வீரரின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். மணிலா அமெரிக்கக் கல்லறையின் சுவர்களில் காணாமல் போனவர்கள் பெயர்கள் மட்டும் 36,000-க்கு மேல்.

பசிபிக்கின் மறுகரையிலும் இதே பெயரில் ஒரு சாலை உண்டு. நியூ மெக்சிகோவிலிருந்து பட்டானுக்குப் போன பீரங்கிப் படையினர் ஏறத்தாழ 1,800 பேர். வீடு திரும்பியது பாதிதான். லாஸ் குரூசஸிலிருந்து அலமகோர்தோ போகும் 70-ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பட்டான் நினைவு நெடுஞ்சாலை என்று பெயர். பக்கத்து ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் ஏவுகணைச் சோதனை என்றால் அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். பட்டான் வீரர்கள் நினைவாகப் பெயரிட்ட சாலை அடுத்த போருக்கான ஒத்திகைக்கு வழிவிட்டு நிற்பது எனக்கு உறுத்துகிறது.

மணிலா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டானுக்கு வேகமாகப் போக ரோமன் சூப்பர் ஹைவே இருக்கிறது. அதில் போகாதீர்கள். ஊர்களுக்குள் நுழைந்து போகும் பழைய சாலையில் போங்கள், கற்கள் அதில்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் கபனாட்டுவான் கைதிகள் முகாம், 1945 ஜனவரி 30 இரவு. சுஜி பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், நம்புங்கள்.

(தொடரும்)