பத்து போடுவது: ஒரு சின்ன வரலாறு

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவின் வலது காலில் பெரிய கொப்புளம். கணுக்கால் வீக்கத்துக்கு அம்மா புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்து போட்டிருக்கிறார். "சூடு தாங்குதா?" என்று கேட்டதற்கு அப்பா, "சூடே தெரியலையே, இன்னும் கொஞ்சம் வை" என்றாராம். அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அம்மா மேலும் தப்பு சொல்ல முடியாது, அப்பா மேலும் சொல்ல முடியாது. சரி, இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் சொல். எழுத்தில் பற்று, பேச்சில் பத்து. தோலில் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. இலையை நசுக்கியோ வதக்கியோ வைத்துக் கட்டினால் கட்டு. அரைத்ததைத் தடிமனாக அப்பினால் பற்று. சூடாக ஒற்றி ஒற்றி எடுத்தால் ஒற்றடம். மாவைக் கிண்டி வைத்தால் களி. வீட்டில் நாம் பாதியை 'பத்து' என்றே சொல்லிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் இதை 'போல்டிஸ்' என்கிறார்கள். அதன் வேர் லத்தீனில் 'புல்ஸ்', அதாவது தானிய மாவில் காய்ச்சிய கெட்டிக் கூழ். ரொட்டி பரவுவதற்கு முன் ரோமானியர்களின் அன்றாடச் சாப்பாடு அதுதான். நம்ம களி, அவங்க கூழ், இரண்டுமே அடுப்படியிலிருந்து மருந்துக்குப் போன பெயர்கள்.

ஏன் கூழ்? ரசத்தையும் கூழையும் ஒரே நேரத்தில் இறக்கி வைத்துப் பாருங்கள். ரசம் ஆறிய பிறகும் கூழின் நடுவில் சூடு இருக்கும். தண்ணீர் நிறைய வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கெட்டியாக இருப்பதால் உள்ளே சுழன்று சீக்கிரம் ஆறிவிடாது. அந்த ஈரச்சூட்டில் ரத்த நாளங்கள் விரிந்து அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும். கட்டி பழுத்து உடையும். விவிலியத்தில் எசேக்கியா அரசனின் கட்டிக்கு அத்திப்பழ அடையை வைத்ததும் இந்த வழக்கம்தான்.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. இன்றைய ஈராக்கில் உள்ள நிப்பூரில் கிடைத்த சுமேரியக் களிமண் பலகை. வயது சுமார் 4000 வருடம். சாமுவேல் நோவா கிராமர் 1950-களில் ஒரு வேதியியல் அறிஞருடன் சேர்ந்து அதைப் படித்து வெளியிட்டார். பொடித்துப் பிசைந்து, எண்ணெய் விட்டு, மேலே வைத்துக் கட்டச் சொல்லும் குறிப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால் எது எவ்வளவு என்ற அளவு மட்டும் இல்லை! எங்க பாட்டி சொல்லும் "ஒரு கை புளி" மாதிரியேதான்.

கெடுதலும் நடந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரொட்டி, ஆளிவிதைப் பத்துகளைத் திறந்த புண்ணிலும் வைத்தார்கள். சீழ் வந்தால் நல்ல அறிகுறி என்ற நம்பிக்கை வேறு. வெதுவெதுப்பான ஈர மாவு கிருமிக்கு நல்ல தீனி. 1867-ல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகுதான் திறந்த புண்ணில் பத்து வைப்பது மெல்ல மெல்ல ஒழிந்தது.

நான் புரிந்துகொண்டது இதுதான். சூட்டின் அளவை யாரும் எழுதி வைக்காததற்குக் காரணம், அளவு நோயாளியின் வாயில் இருந்தது. "ஐயோ, சுடுது" என்பதுதான் தெர்மாமீட்டர். சர்க்கரையில் கால் மரத்தவருக்கு அந்தத் தெர்மாமீட்டர் வேலை செய்யாது. மற்றவர் தொட்டுப் பார்த்துச் சரி என்றாலும், அந்தக் காலுக்கு எந்தச் சூடும் வேண்டாம். வீக்கம் என்றால் மருத்துவரிடம் போவதே சரி.

அப்பாவின் புண் ஆற ஆறு வாரம் ஆனது. அம்மா இப்போதும் புளிப்பத்து போடுகிறார், தன் முழங்காலுக்கு மட்டும்.