வராதவர்களின் கணக்கு

2020 மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய நாளிலேயே, தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதுவரை சட்டத்தில் தெளிவில்லாமல் கிடந்த தொலைபேசி ஆலோசனை அன்றோடு முறையானது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை முதல் நான்கு வாரங்களில் ஏறத்தாழ 7,000 தொலை ஆலோசனைகளை வழங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவும் வீடியோவுக்கு மாறியது. கருத்துக் கேட்ட இடங்களில் பெரும்பாலோர் திருப்தி என்றே சொன்னார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அதைக் கண் மருத்துவத்தின் வெற்றியாக எழுதிவைப்பது, தமிழகம் முன்பே படித்த பாடத்தை மறப்பது.

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தி வளர்ந்தது. முகாமுக்கு வந்தவர்கள் வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். வராதவர்களைத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. கண்ணில் குறையுள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். மற்றவர்களைப் பயமும் செலவும் வீட்டுப் பொறுப்பும் தடுத்திருந்தன. வந்தவர்களின் வாழ்த்தை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. 2003-இல் சங்கர நேத்ராலயா இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு பேருந்தை அனுப்பியதும், 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்ததும், வராதவர்களை நோக்கிப் போகும் முயற்சிகள்தான். அங்கே மருத்துவர் திரையில் இருந்தார்; ஆனால் நோயாளியின் எதிரில் பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணைச் சோதிக்கும் ஸ்லிட் லேம்ப் கருவியோடு உட்கார்ந்திருந்தார். என் கணக்கில், திரையைவிட முக்கியமானவர் அவர்தான்.

பெருந்தொற்றுக் காலத்துத் தொலைபேசியில் அவர் இல்லை. கண் சிவப்பு, அறுவைக்குப் பிந்தைய சந்தேகம், சொட்டுமருந்தைத் தொடரலாமா என்ற கேள்வி ஆகியவற்றுக்குப் பேச்சே பெரும்பாலும் போதும். கண்நீர் அழுத்த நோய்க்குப் போதாது. அது வலிக்காமலே பார்வையை ஓரத்திலிருந்து தின்னும். அழுத்தத்தைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும். மருத்துவரிடம் பேசி நிம்மதியடைந்தவரின் பார்வையும் உள்ளே குறைந்துகொண்டிருக்கலாம். பேருந்தே ஓடாத நாளில் அதுவாவது கிடைத்ததே என்பார்கள். நியாயம்தான், போன் இல்லாவிட்டால் எதுவுமே இருந்திருக்காது. ஒரு நாள் கூலியும் பயணமும் மிஞ்சியது சிறிய விஷயமா என்றும் கேட்கலாம். சிறியதல்ல. ஆனால் அது பயணம் மிச்சமான திருப்தி. அதைப் பார்வையின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிட்கோ தொழிற்பேட்டையும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் உள்ள ஊர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பதும், செக்கிங்கில் ஓட்டையும் கறையும் தேடுவதும், பிசிறு வெட்டுவதும் கிட்டத்தில் உள்ளதைக் காணும் பார்வையை நம்பிய வேலைகள். நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் அந்தப் பார்வை மங்கத் தொடங்கும். அதற்காக யாரும் மருத்துவருக்குப் போன் போடுவதில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு துணியை வெளிச்சத்துக்குத் தள்ளிப் பிடிப்பார்கள். ஊரடங்கில் கம்பெனிகள் மூடி, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பிய நாட்களில் தொலை ஆலோசனை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், கூப்பிடாத இவர்கள் அதன் கருத்துக்கணிப்பில் வந்திருக்க முடியாது. முகாம் காலத்துப் பிழையேதான், இந்தமுறை போனில்.

கண் சிகிச்சையின் பலனை வேறு விதமாகவும் அளக்கலாம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து நடத்திய சோதனை 2018-இல் வெளியானது. ஆய்வாளர்கள் திருப்தியை நம்பி நிற்கவில்லை. பறித்த இலையை நிறுத்தார்கள். கண்ணாடி பெறாதவர்களைவிடப் பெற்றவர்களின் பறிப்பு 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது. தேயிலைக்கு எடை போல, பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அன்றன்று முடித்த பீஸ் எண்ணிக்கை எழுதப்படுகிறது. கண்ணாடிக்கு முன்னும் பின்னும் அதை ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய படிவம் எதுவும் வேண்டாம்.