கொன்கஷன்: அதிர்ச்சியா, அதிர்வா?

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ஆஷஸ் டெஸ்ட் போட்டியில் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைப் பந்து தாக்கியது. அவருக்குப் பதிலாகத் துடுப்பெடுத்தாடிய மார்னஸ் லபுஷேன், டெஸ்ட் வரலாற்றில் முதலாவது 'கொன்கஷன்' மாற்று வீரரானார். 2022 மே மாதம் சட்டோகிராமில் இலங்கையின் விஷ்வ பெர்னாண்டோவுக்குப் பதிலாகக் கசுன் ராஜித களமிறங்கியதும் இவ்விதியின் கீழேயே ஆகும். விளையாட்டுச் செய்திகளின் வாயிலாக எமது வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட இச்சொல்லின் வரலாற்றை நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

இச்சொல்லின் தாயகம் இலத்தீன் மொழியாகும். வலுவாகக் குலுக்குதல் என்பதே அதன் மூலப்பொருள். உரோமானிய சட்டத்திலோ, அதிகாரத்தைக் காட்டி மிரட்டிப் பொருள் பறித்தலை அது குறித்தது. மரத்தை உலுக்கிக் கனி பறிப்பதைப் போல மனிதரை உலுக்கிப் பணம் பறித்தல் எனலாம். பிரெஞ்சு, இத்தாலியச் சட்டங்களில் அரச அலுவலரின் இத்தகைய குற்றத்துக்கு இன்றும் இதுவே பெயராகும்.

மருத்துவத்தில் இக்கருத்து தெளிவு பெற்றதில் முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. மூளை சிதைவுறும் கடுங்காயத்திலிருந்து, அது குலுங்கித் தற்காலிகமாகச் செயல் தடுமாறும் நிலையைச் சுமார் கி.பி. 900 இல் வேறுபடுத்திக் காட்டியவர் பாரசீக மருத்துவர் அல் ராஸி ஆவார். அரபு மொழியில் இந்நிலைக்கு வழங்கும் 'இர்திஜாஜ்' என்ற சொல்லும் குலுங்குதலையே குறிக்கின்றது.

தமிழில் இதனை 'மூளை அதிர்ச்சி' என எழுதுவோர் உளர். ஆனால், துயரச் செய்தி கேட்டவரும் 'அதிர்ச்சி' அடைகின்றார். மின்சாரம் தாக்கியவரும் 'அதிர்ச்சி'க்கு உள்ளாகின்றார். ஆகவே, தலையில் அடிபட்ட பிள்ளை 'அதிர்ச்சியில்' இருப்பதாகக் கூறும்போது, தண்ணீர் பருக்கிச் சற்று உறங்க வைத்தால் போதுமென்று பெற்றோர் எண்ணிவிடக்கூடும். 'மூளையதிர்வு' என்ற சொல்லோ, நிகழ்ந்தது உடலுறுப்பொன்றிலேயே என்பதை ஐயமின்றி உணர்த்துகின்றது.

நினைவிழந்தால் மட்டுமே மூளையதிர்வு என்பது தவறான எண்ணமாகும். பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை, ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் மாற்றம் தெரிவதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குழப்பம், அண்மைய நிகழ்வுகளை மறத்தல் ஆகியனவே இதன் அறிகுறிகள். தலைவலி அதிகரித்தல், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்புவதற்கு அரிதான மயக்கம் ஆகியன தோன்றின், மூளையில் இரத்தக்கசிவு இருக்கக்கூடுமாதலால் உடனடியாக வைத்தியசாலையை நாடவேண்டும். குணமடையுமுன் மீண்டும் தலையில் அடிபடுவது அரிதாக உயிரையே பறிக்கலாம். எனவே, ஐயத்துக்குரிய வீரரை அன்றைய தினம் மீண்டும் விளையாட அனுமதித்தலாகாது.

19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் வெளியிட்டவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். நோயைத் தன் மொழியில் விளங்கிக்கொள்பவனே அதற்கு உரிய வேளையில் பரிகாரம் தேடுவான். பாடசாலை மைதானங்களிலும் வைத்தியசாலைகளிலும் 'மூளையதிர்வு' என்ற சொல் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.