பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள்

2022 அக்டோபர் 11 அன்று புவனேஸ்வரின் கலிங்கா மைதானத்தில் இந்தியப் பெண்கள் முதன்முறையாக ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் ஆடினார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி அது. எதிரணி அமெரிக்கா. ஆட்டம் முடிந்தபோது எட்டுக்குப் பூஜ்யம். அடுத்து மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து. மூன்று ஆட்டங்களில் பதினாறு கோல் வாங்கி, ஒரு கோலும் போடாமல் நம் பிள்ளைகள் வெளியேறினார்கள்.

இந்த எண்களைத் திறமையின் கணக்காகப் படிப்பது எளிது. நான் இவற்றை வயதின் கணக்காகப் படிக்கிறேன். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு இடம் தானாகக் கிடைத்தது. தகுதிச் சுற்றில் ஆடி வென்ற இடம் அல்ல. ஓர் இளையோர் அணி உலகப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டுமானால், அந்த நாட்டில் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மாலைதோறும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களிலிருந்துதான் இருபது பேர் தேறி வருவார்கள். அந்த ஏழு வருடங்களைப் பெண்ணிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதே இங்கே என் கேள்வி.

பெண்ணின் வயதைக் கூறுபோட்டுப் பார்ப்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்து வைத்திருக்கிறோம். பாட்டியல் நூல்கள் சற்று மாறுபட்டாலும், பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் மங்கைக்கு 12, 13. மடந்தைக்கு 14 முதல் 19. உலா இலக்கியத்தில் இந்த ஏழு பருவத்துப் பெண்களும் தெருவில் பவனி வரும் தலைவனைப் பார்த்து மயங்குவதற்காக நிற்கிறார்கள். அவர்கள் வளர்வது அவனைப் பார்க்கும் விதம் மாறுவதற்காக மட்டுமே.

நம் இலக்கியத்தில் பெண்கள் பந்தாடாமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் கந்துக வரி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். பெருங்கதையில் யார் எத்தனை முறை பந்தடித்தார் என்று எண்ணிக்கையோடு ஒரு போட்டியே நடக்கிறது. ஆனால் அந்தப் போட்டி எதற்கு? உதயணன் பார்த்துக் காதலில் விழுவதற்கு. வசந்தவல்லியின் பந்தும் அவள் இடையையும் வளையலையும் நமக்குக் காட்டுவதற்காகத்தான் துள்ளுகிறது. அந்த ஆட்டங்களில் ஆடுபவளைவிடப் பார்ப்பவனே முக்கியம். ஒரு பெண் தனக்காக, தன் அணிக்காக, வெல்வதற்காகப் பந்தை உதைப்பது வேறு வரலாறு. அது தொழிற்சாலை வாசலில் தொடங்குகிறது.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்ற ஆலை போர்த் தளவாடங்கள் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் நாளில் காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அந்த அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் லில்லி பார் பதின்ம வயதிலேயே அணிக்கு வந்தவர்.

அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்று சொல்லி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. மீண்டும் திறக்க 1971 ஆனது. மேற்கு ஜெர்மனி 1955 முதல் 1970 வரை தடுத்தது. கால்பந்தை மதம்போல் கொண்டாடும் பிரேசில் 1941 முதல் 1979 வரை சட்டம் போட்டே தடுத்தது.

தடை நீங்கிய பிறகும் காத்திருப்பு தீரவில்லை. ஆண்களுக்கு உலகக் கோப்பை 1930-இல் தொடங்கியது, பெண்களுக்கு 1991-இல். இளைஞர்களுக்கான உலகப் போட்டி 1977-இல் வந்தது; இளம்பெண்களுக்கு 2002-இல். சிறுவர்களுக்கு 1985-இல், சிறுமிகளுக்கு 2008-இல். பையனின் பதினாறு, பதினேழு வயதுக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைத் தனியே வளர்க்க வேண்டும் என்று உலகம் புரிந்துகொண்டு, அதே விஷயம் பெண்ணுக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொள்ள 23 ஆண்டுகள் ஆயிற்று.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். மல்லாங்கிணறும் காரியாபட்டியும் சாத்தூரும் சிவகாசியும் சேர்ந்த இந்த வானம் பார்த்த பூமியிலும் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வறட்சியால் காய்ந்த ஊர்களுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சோற்றுக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு சிறுமிகளின் வயது. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்டச் சின்ன விரல்கள் வேண்டும். அண்ணன் தம்பி பள்ளிக்கூடம் போவான். அக்கா தங்கச்சி வண்டியில் ஏறுவாள். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. பிரஸ்டன் பெண்களுக்குப் பந்தைக் கொடுத்தது இடைவேளை. இங்கே இடைவேளை எடுத்தால் அன்றைய காசு குறையும்.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொல்வோம். உண்மையான ஜப்பான் 2011-இல் பெண்கள் உலகக் கோப்பையையும், 2014-இல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கோப்பையையும், 2018-இல் இருபது வயதுக்கு உட்பட்டோர் கோப்பையையும் வென்று, மூன்றையும் வென்ற முதல் நாடானது. நாம் ஜப்பானிடமிருந்து உழைப்பை மட்டும் பெயரில் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினேழு வயதுக்கு உட்பட்ட போட்டியில் ஆட, வயது அதற்கு மேல் போகவில்லை என்று ஒரு பெண் சான்றிதழ் காட்ட வேண்டும். நம் பகுதியில் சோதனை அதிகாரி வந்தால் சிறுமி வயதைக் கூட்டிச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தாள். பன்னிரண்டு வயது என்பது மறைக்கவேண்டிய குற்றமாக இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டமும் சத்துணவும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மெல்ல மெல்ல அந்த வண்டியிலிருந்து பிள்ளைகளை இறக்கின.

இறங்கிய பிள்ளை மைதானத்துக்குப் போனாளா? கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவிகளிடம், கடைசியாக எப்போது மூச்சிரைக்க ஓடினீர்கள் என்று நான் கேட்பதுண்டு. "எட்டாப்பு படிக்கையில மேடம்" என்ற பதில்தான் அதிகம் வரும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால் சிரிப்பார்கள். குச்சுக்குள் உட்கார வைத்து, தாய்மாமன் சீர் செய்து, பந்தல் போட்டு, மைக் செட் கட்டி ஊருக்கே சொல்லி ஒரு பெண்ணின் ஓட்டத்தை நிறுத்துகிறோம். அதன்பின் விளையாட்டுப் பீரியட் கணக்குப் பாடமாகிவிடும். மாலையில் அம்மா பட்டாசு ஆபீஸிலிருந்து திரும்ப நேரமாகும். அதற்குள் தண்ணீர் பிடிப்பதும் உலை வைப்பதும் மகள் வேலை. தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போயிருப்பான். ஆபீஸிடமிருந்து மீட்ட நேரத்தை வீடு வாங்கிக்கொண்டது.

இத்தனைக்கும் இந்தியப் பெண்கள் ஆசியாவில் பின்தங்கித் தொடங்கியவர்கள் அல்ல. 1975-இல் பெண்களுக்கான கால்பந்துச் சம்மேளனம் தனியாக அமைந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம். 1983-இல் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த ஆண்டே சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்தத் தலைமுறை ஆடி முடித்தபின் அடுத்ததை வளர்க்க ஆளில்லை. சிறுமிகளுக்கு லீக் இல்லை, விடுதி இல்லை, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் இல்லை. ஓர் அணி மூப்படைந்தது. அதற்கு மகள்கள் இல்லை.

2022 உலகக் கோப்பை அந்த வெற்றிடத்தின் மேல்தான் நடந்தது. 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. போட்டிக்கு இரண்டே மாதம் இருக்கும்போது, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகக் குழப்பத்தால் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. இரண்டு வாரத்துக்குள் அதை நீக்கியது. பெரிய ஆண்களின் நாற்காலிச் சண்டையில் சிறுமிகளின் வாய்ப்பு அந்தரத்தில் தொங்கியது. அதே கோடையில் பாலியல் அத்துமீறலுக்காக அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் நீக்கப்பட்டார். மகளை விளையாட அனுப்பத் தயங்கும் ஒரு தாயைப் பிற்போக்கு என்று திட்டுமுன் இந்தச் செய்தியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் பயம் காரணமற்றது அல்ல. பெண் பயிற்சியாளரும், புகார் சொல்ல நம்பகமான ஓர் இடமும் இல்லாத மைதானத்தை அவள் நம்ப மாட்டாள்.

அந்த அணியில் ஆறு பேர் ஜார்க்கண்ட்காரர்கள். அணித்தலைவி அஸ்டம் ஓராவ், கும்லா மாவட்டத்து ஆதிவாசிக் கிராமத்தில் பிறந்தவர். அவர் தலைவியானதும் அரசு அவர் பெயரில் ஊருக்குச் சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் அவருடைய அப்பாவும் அம்மாவும் தினக்கூலிக்கு மண் சுமந்தார்கள். எட்டுக்குப் பூஜ்யம் என்று எழுதுகிற வரலாறு இதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு மாற்றாக ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பெண்கள் கால்பந்தில் அசைக்க முடியாத மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. 2019-இல் நம் தென்மாவட்டத்துச் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-இல் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையைத் தூக்கியது. இந்த ஆட்டக்காரர்களில் பலர் கடலூர் மாவட்டத்தில் உருவானவர்கள். இந்துமதி கதிரேசன் அங்கிருந்து வந்து இந்தியாவுக்கு ஆடி, காவல் உதவி ஆய்வாளரும் ஆனார். சுனாமிக்குப் பின் அங்கே ஆதரவற்ற, ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு விடுதியும், மூன்று வேளைச் சாப்பாடும், அன்றாடம் பயிற்சியும் கிடைத்தன. வீடு கொடுக்காத மாலை நேரத்தை விடுதி கொடுத்தது. பேரிடரில்தான் ஒரு பெண்ணுக்கு விளையாட நேரம் கிடைக்கும் என்றால் அது நம் வீடுகளைப் பற்றிய செய்தி.

2025-இல் நிலைமை அசையத் தொடங்கியது. ஜூலை 5 அன்று சியாங் மாயில் சங்கீதா பாஸ்ஃபோர் போட்ட இரண்டு கோல்களால் தாய்லாந்தை வென்று, தகுதிச் சுற்று வழியாக முதன்முறையாகப் பெரியவர்கள் அணி ஆசியக் கோப்பைக்குப் போனது. ஆகஸ்ட் 10 அன்று யாங்கூனில் மியான்மரை 1-0 என்று வென்று இருபது வயதுக்கு உட்பட்டோர் அணி தகுதி பெற்றது. அக்டோபர் 17 அன்று பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று பதினேழு வயதுக்கு உட்பட்டோர் அணியும் தகுதி பெற்றது. இளையோர் அணிகள் இரண்டுக்கும் இது இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் கிடைத்த இடம். அவர்கள் தகுதி பெற்றது ஆசியக் கோப்பைக்கு. அங்கே முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் உலகக் கோப்பை. அந்த வழியில் ஜப்பான் நிற்கிறது; 2024-இல் இளையோர் உலகக் கோப்பைகள் இரண்டையும் வென்ற வட கொரியா நிற்கிறது. வழி கடினம்தான். ஆனாலும் இம்முறை யாரும் இடத்தைத் தானமாகத் தரவில்லை. பிள்ளைகள் ஆடி வாங்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூட மணி மாலை நாலரைக்கு அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி வரை ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு நாற்பது வாரம், பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஏழு ஆண்டு. மொத்தம் 2100 மணி நேரம். மல்லாங்கிணற்றுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த 2100 மணி நேரம் கிடைக்கட்டும். அவள் இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதற்குப் பள்ளியில் ஒரு பி.டி. டீச்சர் வேண்டும், பூட்டாத கழிப்பறை வேண்டும், ஆறு மணிக்கு மேல் ஊருக்குப் போக ஒரு பஸ் வேண்டும். வீட்டில் அந்த ஒன்றரை மணி நேரம் உலை வைக்க அண்ணனோ தம்பியோ அப்பாவோ வேண்டும். இந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம். அதற்கு அரசாணை எதுவும் வராது. நாம்தான் கேட்க வேண்டும்.