மலையில் பழைய டிராக்டர் திணறுகிறதா? டீசல் வரும் வழியில் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

ஏற்காடு மலையில் மாரமங்கலம், நாகலூர், வேலூர் போன்ற ஊர்களில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அந்த நேரத்தில் டிராக்டர் இரண்டு நாள் நின்றால் பழம் இறக்குவது முதல் உரம் ஏற்றுவது வரை எல்லாம் தள்ளிப்போகும். ஏற்றத்தில் டிரெய்லருடன் இன்ஜின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய டீசல் டிராக்டர் திணறினால் பலர் உடனே டீசல் பம்பைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பம்பை விட, அதற்கு டீசல் வந்து சேரும் வழியில்தான் அடிக்கடி கோளாறு வருகிறது. அதை நீங்களே வரிசையாகப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

டீசல் வரும் வழி

டேங்க், டேங்கின் அடியில் உள்ள குழாய்த் திருப்பி, வண்டல் தேங்கும் கிண்ணம், ஃபீட் பம்ப், முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், டீசல் பம்ப், இரும்புக் குழாய்கள், நாசில். பல பழைய டிராக்டர்களில் இதுதான் வரிசை. எப்போதும் டேங்க் பக்கமிருந்து தொடங்குங்கள். செலவில்லாத சோதனைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

முதலில் புகையைப் பாருங்கள்

• ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை: நாசிலுக்கு டீசல் வரவில்லை.
• வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை: டீசல் வருகிறது, எரியவில்லை. டீசலில் தண்ணீர், இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவு, பம்ப் டைமிங் தவறு ஆகியவை காரணமாகலாம்.
• பாரம் ஏற்றினால் கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. முதலில் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள்.
• சும்மா ஓடும்போது சரி, ஏற்றத்தில் இழுவை இல்லை, புகையும் அதிகமில்லை: டீசல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

மலை விவசாயிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஏற்காடு டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. அதனால் சமவெளியில் ஓடிய அதே டிராக்டர் மேலே சற்றுக் கூடுதலாகப் புகைவதும், இழுவை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இதற்காக டீசல் பம்பின் சீல் வைத்த திருகைத் திருப்பி டீசலைக் கூட்டாதீர்கள். புகையும் டீசல் செலவும்தான் கூடும்.

கருவி இல்லாமல் பார்க்க வேண்டியவை

1. இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? துருப்பிடித்துப் பாதியில் நின்றால் பம்ப் டீசல் தராது.

2. டேங்கில் டீசல் எவ்வளவு? கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போது சரிவில் சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய்க்குள் காற்று புகலாம். மலையில் பாதி டேங்குக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

3. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி அணைந்து, சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைக் கழுவினால் போதும்.

4. வண்டல் கிண்ணத்தையும் ஃபில்டர் அடித் திருகையும் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே மிதக்கும். தண்ணீர் இருந்தால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள்.

அடைப்பா, காற்றா?

ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, திருப்பியைத் திறந்துவிடுங்கள். டேங்க் பம்பை விட உயரத்தில் இருந்தால் டீசல் தடையில்லாமல் கொட்ட வேண்டும். நூல் போல வந்தால் டேங்கின் அடியில் வண்டல், அல்லது குழாயில் அடைப்பு.

ஃபீட் பம்பைத் தாண்டிய இடத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். ஃபீட் பம்புக்கு முன்னால் பம்ப் உறிஞ்சுவதால், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாமலே காற்று உள்ளே போகும். காலையில் கை பம்ப் அடித்தால்தான் வண்டி பிடிக்கிறது என்றால் காய்ந்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த செம்பு வாஷர், கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு அடி கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக இணைத்தால் காற்றுக் குமிழி ஓடுவது நன்றாகத் தெரியும்.

இன்னும் சந்தேகமா? சுத்தமான டீசல் உள்ள கேனை உயரத்தில் வைத்து, புது ஹோஸ் மூலம் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். இப்போது இன்ஜின் நன்றாக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் திணறினால் ஃபில்டர், பம்ப், நாசில் பக்கம்.

காற்று எடுக்கும் முறை

முதல் ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கை பம்பை அடியுங்கள். அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு டீசல் பம்பின் திருகு. கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து, டீசல் கசியும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, பிறகு இறுக்குங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல் இடைவெளி விடுங்கள்.

எந்த நாசில் கெட்டது?

இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் கோளாறு அந்த சிலிண்டரில்.

எச்சரிக்கை: அந்தக் குழாயில் டீசலின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேல். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையைக் காட்டாதீர்கள், கண்ணாடி அணியுங்கள். குத்தியது சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். புதிய சிஆர்டிஐ டிராக்டர்களில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை தீரவில்லையென்றால் மட்டும் பம்பையும் நாசிலையும் சோதனை மெஷின் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். பம்பைக் கொட்டகையில் பிரிக்காதீர்கள். உள்ளே ஒரு மணல் துகள் போனாலும் அது தேய்ந்துவிடும்.

கோளாறு வராமல் இருக்க

• கேனில் வாங்கி வரும் டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் உள்ளதை விட்டு, துணியும் வலையும் போட்ட புனலில் ஊற்றுங்கள்.
• வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்புங்கள். காலி டேங்கில் பனிக்காலக் குளிருக்கு ஈரம் படிந்து தண்ணீராகும்.
• இரண்டு ஃபில்டரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். கையேட்டில் உள்ள மணிக்கணக்குப்படி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.
• மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். ரோட்டரி வகைப் பம்புக்கு டீசல்தான் மசகு. அது நீர்த்தால் பம்ப் தேயும்.
• ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தால் பிரேக்கை மிதித்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பூட்டுங்கள். கூட வந்தவர் ஓரமாக நின்று பின்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் கல் வைத்த பிறகே இறங்குங்கள். நியூட்ரலில் பின்னால் உருளவிட்டு ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள்.