உப்பு வண்டிக்கு ஆள் தேவை

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மரக்காணம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர் நீர், வரப்போரத்தில் வெள்ளைக் குவியல்கள், பக்கத்திலே தார்ப்பாயை மடித்துப் போட்டுக்கொண்டு காத்து நிற்கும் லாரிகள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடி உப்புக்குப் பெயர்போன ஊர் இது. ஆனால் ஊருக்கு ரயில் இல்லை. விளைகிற உப்பெல்லாம் ரப்பர்ச் சக்கரத்தின் மேலேறித்தான் வெளியே போகவேண்டும். சக்கரத்தை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அகப்படுவதில்லை என்று இன்றைக்கு எந்த லாரி ஆபீசுக்குப் போனாலும் புலம்பல் கேட்கிறது.

உப்பைப்பற்றி எழுதுகிறவர்கள் விளைவிக்கிறவனைப்பற்றி எழுதுவார்கள். வரியைப்பற்றி எழுதுவார்கள். தண்டியாத்திரையையும், 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததையும் எழுதுவார்கள். உப்பைச் சுமந்துகொண்டு போனவனைப்பற்றி எழுதுவது அபூர்வம்.

சங்கப் புலவர்கள் அந்தக் குறையை வைக்கவில்லை. உப்பு வண்டிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் உமணர் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி வரிசை ஒன்று வருகிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாட்டை விரட்டிக்கொண்டு போகிறாள். வண்டியிலே காடிப் பானை தொங்குகிறது. சிறுபாணாற்றுப்படையில், உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு குரங்கு கூடச் சேர்ந்து விளையாடுகிறது. அந்தக் காட்சி கொற்கைப் பக்கத்தது. ஆனால் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் நம்முடைய பிரதேசத்துக்காரன். அவனுடைய கிடங்கில் இப்போது திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அது சரியென்றால், லாரிகள் இன்று புழுதி கிளப்புகிற அந்தச் சாலை போகிற வழி ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்து வழி!

புறநானூற்றில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். எப்படி? உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைக்கிற சேம அச்சுப் போன்றவன் நீ என்கிறார். வழியில் பள்ளமோ மேடோ யாருக்குத் தெரியும், அச்சு முறிந்தால் மாற்ற இன்னொன்று இருக்கட்டும் என்கிற முன்யோசனை. இன்றைக்கு லாரியின் அடியில் ஸ்டெப்னி தொங்குகிறதே, அதுதான். ராஜகுமாரனை ஸ்டெப்னிக்கு ஒப்பிட ஔவையாருக்குத்தான் தைரியம் வரும்.

இந்த உமணர்களுக்கு ஆள் பஞ்சம் வந்ததாக எந்தப் பாட்டிலும் இல்லை. வரவும் வராது. வண்டி அவனுடையது, மாடு அவனுடையது, ஏற்றியிருக்கிற உப்பும் அவனுடையது. பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கவில்லை. கூடவே வருகிறார்கள். பையன் பத்து வயதில் தும்பைப் பிடிப்பான், இருபதில் வண்டியைப் பிடிப்பான். இன்னொரு சௌகரியமும் இருந்தது. உப்புக்கு நெல் சரிக்குச் சரி என்று கூவி விற்றதை அகநானூறு சொல்கிறது. போகும்போது உப்பு, வரும்போது நெல். வெறும் வண்டியாகத் திரும்புகிற பேச்சே இல்லை. லாரித் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

உப்பு எப்போது வண்டிக்காரனுடைய சொத்தாக இல்லாமற் போயிற்று? ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் ஒரு வருஷத்தைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் 1805-ஐச் சொல்லலாம். அந்த வருஷம் கும்பினி சர்க்கார் சென்னை ராஜதானியில் உப்பைத் தன்னுடைய ஏகபோகமாக்கிக்கொண்டது. சுமக்கிறவன் அதற்குப் பிறகு கூலிக்காரன்.

மறு வருஷமே, 1806-ல், பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1837-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லிக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டி இணைத்தார்கள். 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டினவர்களின் பெயரை வைக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. ஆந்திரக் கரையில் பெத்தகஞ்சாமிலிருந்து வருகிற இந்த நீர்வழியின் தென்கோடி மரக்காணம். விறகும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் உப்பும் தோணியில் போயின. காற்றிருந்தால் பாய். காற்றில்லாவிட்டால் கழி. அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்து கயிறு பிடித்து இழுக்க மனிதன். பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு தோணியேறி மாமல்லபுரத்துக்குப் போனதும், அதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடியதும் இந்தக் கால்வாயில்தான்.

ரயிலும் சாலையும் கால்வாயின் பிழைப்பைக் கெடுத்தன. 1960-களின் நடுவில் அடித்த புயல்கள் மிச்சத்தையும் தூர்த்தன. சென்னையில் பறக்கும் ரயிலுக்காக அதற்குள்ளேயே தூண்களை நட்டார்கள். 2008-ல் தேசிய நீர்வழி எண் 4 என்று சட்டம் போட்டு அறிவித்ததும் உண்டு. மரக்காணத்து உப்பு இன்னும் லாரியில்தான் போகிறது.

லாரிக்கு ஆள் சேர்ந்த கதை சுவாரஸ்யமானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் வண்டி ஓட்டக் கற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் விலைக்கு வந்தன. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஜனங்கள், வானம் பொய்த்த புன்செயை நம்புவதைவிட ஓடுகிற வண்டியை நம்புவது மேல் என்று தீர்மானித்தார்கள். அடுத்த தலைமுறை டிரைவர்களை யார் தயார் செய்தது? பள்ளிக்கூடமா? இல்லை. கிளீனர் வேலைதான் பள்ளிக்கூடம்.

அது ஒரு குருகுல வாசம். பையன் வண்டி கழுவுவான், தார்ப்பாய் கட்டுவான், டிரைவருக்குச் சோறு வாங்கி வருவான், பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பான். அடியும் வாங்குவான். ராத்திரியில் டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பான். ஒரு நாள் ஷெட்டுக்குள் வண்டியை நகர்த்தச் சொல்லுவார் டிரைவர். பிறகு ஆளில்லாத சாலையில் நாலு மைல். அவனை அறியாமலே டிரைவராகிவிடுவான். குரு தட்சிணை என்று தனியாக எதுவுமில்லை. வாங்கின அடியே போதும்.

இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் இல்லை. முதலாளியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. கணக்கு அப்படி இருக்கிறது. 2014 அக்டோபரில் டீசல் விலை மேலிருந்த கட்டுப்பாடு போயிற்று. 2017 ஜூனில் விலையைத் தினந்தோறும் மாற்றுகிற முறை வந்தது. லாரி வாடகையோ முன்கூட்டிப் பேசி முடிக்கிற சமாசாரம். 2018-ல் சரக்கு வண்டிகள் ஏற்றக்கூடிய எடையைச் சர்க்கார் 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. இருக்கிற சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றானால் வாடகை ஏறுமா? எதைக் குறைக்கலாம் என்று முதலாளி பார்த்தார். டீசலைக் குறைக்க முடியாது, டயரைக் குறைக்க முடியாது, சுங்கச்சாவடியில் கெஞ்ச முடியாது. கிளீனரைக் குறைத்தார். பிறகு டிரைவர் கிடைக்கவில்லை என்கிறார். விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நாற்றங்காலைத் தேடினால் எப்படி?

உப்பு லோடு என்றால் சங்கடம் இன்னும் அதிகம். உப்பு கனமான சரக்கு, மலிவான சரக்கு. தூரம் கூடக் கூட, உப்பின் விலையை வாடகை விழுங்கிவிடும். ஆகையால் வியாபாரி வாடகையில் பிடிவாதமாக இருப்பான். உப்பு நீர் சொட்டிச் சொட்டி இரும்பை அரித்துவிடும் என்று புது வண்டிக்காரன் தயங்குவான். மழைக்காலத்தில் அளம் மூழ்கிவிட்டால் லோடே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ரிட்டன் லோடு. உப்பை இறக்கின ஊரில் திரும்புகிற சரக்குக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாளோ மூன்று நாளோ கிடக்கவேண்டும். டிரைவருக்குப் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வண்டி நின்றால் படியும் நிற்கும். வாடகைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை வியாபாரி பேரம் பேசித் தாங்குகிறான். முதலாளி தவணையைத் தள்ளிவைத்துத் தாங்குகிறார். டிரைவர் வயிற்றைக் கட்டித் தாங்குகிறார்.

இது நம்முடைய ஊர் வியாதி மட்டுமல்ல. 2021 செப்டம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பெட்ரோல் இருந்தது, கொண்டுவர டிரைவர் இல்லை. அக்டோபரில் ராணுவத்தார் டாங்கர் ஓட்டினார்கள்.

நம் சர்க்கார் 2019-ல், எட்டாம் வகுப்புப் படித்திருந்தால்தான் லாரி ஓட்ட லைசென்ஸ் என்ற விதியை எடுத்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் எட்டாம் வகுப்பா குறுக்கே நின்றது? புதிய குற்றச் சட்டத்தில், விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று இருந்ததைக் கண்டு 2024 ஜனவரியில் வட நாட்டு டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்பது அவர்களுடைய வாதம். அந்தப் பிரிவு மட்டும் அமலுக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்ற பேச்சு நாமக்கல் பக்கத்தில் சாதாரணம். உமணன் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனான். இவருடைய பெண்டாட்டிக்குப் புருஷன் எந்த ஊரில் லோடுக்குக் காத்திருக்கிறார் என்பது போனில்தான் தெரிகிறது.

2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகிற லாரிகளில் டிரைவர் உட்காருகிற அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று உத்தரவு ஆகியிருக்கிறது. சித்திரை வெயிலில் மரக்காணத்து அளத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது புது வண்டிகளுக்கு. உப்பு ஏற்ற வருகிறவை பெரும்பாலும் வேறு சரக்குக்கு உதவாத பழைய வண்டிகள்.